மூன்று இடத்தில்

செப்டம்பர் 9, திங்கள்

எதைத் தொட்டாலும் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், எங்கள் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கிற ஜெபமணி அண்ணாச்சி. கம்ப்யூட்டரில் எதை அமுக்கினேன், எந்த வயரைப் பிடுங்கினேன், எதை எங்கே மாற்றி வைத்தேன், எல்லாவற்றையும். அப்போதுதான் தப்பு நடந்தால் வந்த வழியாகவே திரும்பிப் போகலாமாம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீஸ், அதற்குப் பிறகு கல்யாணம். “எனக்கு எழுத்து கோணலா வரும் அண்ணாச்சி” என்றேன்.

“கோணலா இருந்தா என்ன தங்கச்சி, விடாம எழுதுங்க. அது போதும்.”

இன்று தொட்டது: ஸ்டூடியோவைப் பெருக்கினேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தேன். திரும்ப அங்கேயே போட்டுவிட்டேன். கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

கம்ப்யூட்டர் எப்படிக் கெட்டது என்று முதலிலிருந்து எழுதச் சொன்னார் அண்ணாச்சி. எழுதுகிறேன்.

ஸ்டூடியோ என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். வெளியே ‘கனி வீடியோஸ், விளாத்திகுளம்’ என்று போர்டு இருக்கும். என் வீட்டுக்காரர் கனிராஜ் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பார். பிறகு நாள் கணக்கில் உட்கார்ந்து வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பார். ஆகஸ்ட் மாதம் ஒரு சாயங்காலம் வேலையை அப்படியே திறந்து வைத்துவிட்டு, “டீ குடிச்சிட்டு வாரேன்” என்று போனார். டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சு.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஐஸ் பெட்டி வந்தது. முன்னறையில்தான் இடம் இருந்தது. பெட்டிக்காரர்கள் பிளக் தேடினார்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டையில் பெட்டியை மாட்டினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் வேலை அது.

யு.பி.எஸ். விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. பெண்கள் எல்லாம் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தோடு இதுவும் சேர்ந்து கத்தியது. என்ன சத்தம் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஐஸ் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்து, “பெட்டியப் பாருங்க, அவுகளுக்கு வேர்க்கும்” என்று நான் கத்தினேனாம். மகள் அனுசுயா சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் யு.பி.எஸ். தானாக அடங்கிவிட்டது, திறந்திருந்த வேலையோடு கம்ப்யூட்டரும் அணைந்துவிட்டது.

பதினாறாம் நாள் முடிந்து கொழுந்தனார் கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. கீழே இரண்டு பட்டன். “ஏதோ கேக்குது, சரின்னு அமுக்கிருவோம்” என்று கையைக் கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் அது எது கேட்டாலும், “தெரியாம அமுக்காத” என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஜெபமணி அண்ணாச்சி வந்து அந்தக் கேள்வியைப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார். “டிஸ்க்கத் தொடச்சிரவான்னு கேட்டுருக்கு தங்கச்சி. அமுக்கிருந்தீகன்னா கல்யாணமே நடக்கலன்னு ஆயிருக்கும்.”

இன்று தொட்டது: ஒன்றுமில்லை. மாவு ஆட்டினேன். யாருக்கு இவ்வளவு மாவு என்று ஆட்டி முடித்த பிறகுதான் தோன்றியது.

செப்டம்பர் 12, வியாழன்

அந்த டிஸ்கில் இருப்பது மாரிச்செல்வி கல்யாணம். ஆனி மாதம் நடந்தது. அவர் கடைசியாகச் செய்துகொண்டிருந்த வேலை அதுதான். கேமரா கார்டில் இருந்ததை டிஸ்கில் ஏற்றியதும், கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். ஆகையால் அந்தக் கல்யாணம் இப்போது அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது.

மத்தியானம் மாரிச்செல்வியின் அம்மா சண்முகத்தாய் வந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார். பொட்டில்லாத நெற்றி. வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“உள்ள வாங்கக்கா.”

“இல்ல தாயி, நிக்கேன்.”

“நானும் ஒங்கள மாதிரிதான் இப்ப. வாங்க.”

வந்தார். துக்கம் கேட்டார். அவருடைய புருஷன் போய் எட்டு வருஷமாகிறது. காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எம்மக கல்யாண வீடியோ இருக்கா, போயிட்டா?”

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

“தாலி கட்டுனத நான் பாக்கல தாயி. சாமான் ரூம்ல இருந்தேன். மாப்பிள்ள வீட்ல, முகூர்த்த நேரத்துல மேடப்பக்கம் வரவேண்டாம்னுட்டாக. வாசப்படில நின்னு எட்டிப் பாத்தேன், முழுக்கத் தலையா இருந்துச்சு. மேளச் சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான். வீடியோவுல பாத்துக்கிடுவோம்னு மனசத் தேத்திக்கிட்டேன்.”

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அக்கா போனதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் முன்னறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஜெபமணி அண்ணாச்சி புது டிஸ்க் ஒன்றோடு வந்தார். அவரும் என் வீட்டுக்காரரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருக்கும் ஸ்டூடியோ இருக்கிறது. யார் கல்யாணத்தை யார் பறித்தது என்று சண்டை. நான் போய் நின்றபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் கெட்ட டிஸ்கில் இருப்பது அத்தனையையும், நல்லதோ கெட்டதோ, அப்படியே புது டிஸ்குக்கு நகல் எடுக்க வேண்டுமாம். பிறகு பழசை எடுத்து வைத்துவிட்டு நகலில்தான் கை வைக்க வேண்டுமாம். “மூலத்துல கை வைக்கவே கூடாது. அதுல ஒரு எழுத்து புதுசா எழுதுனாக்கூட, பழசு ஒண்ணு அழியும்.”

புது டிஸ்க்கின் வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினால் போகமாட்டேன் என்றது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

“இதென்னது ஓட்டைக்குள்ள, மஞ்சளா?”

“சந்தனம். போன ஆயுத பூஜைக்கு அவுக வச்சது.”

“சரஸ்வதிய நெத்தியில கும்புடணும். வாய்க்குள்ள சந்தனத்த அப்புனா அவ என்ன பேசுவா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். ஊக்கு வைத்து நான்தான் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். குங்குமம் கட்டி தட்டி அடியில் கிடந்தது. அவர் ஒவ்வொரு வருஷமும் வைத்தது ஒன்றின் மேல் ஒன்றாக இருந்திருக்கிறது.

“ஒங்க வீட்டுக்காரர் ஒரு தடவ என்னயப் பாத்து ஊர் பூராவும் சிரிச்சாரு, தெரியுமா?” என்றார் வயரை மாட்டிக்கொண்டே. “நான் ஒரு கல்யாணத்தயே தொலைச்சிட்டேன். ஒரே டிஸ்க். கீழ விழுந்து போச்சு. அப்புறம் மாப்பிள்ளயும் பொண்ணயும் கூட்டிட்டு வந்து, மறுபடி மாலையப் போட்டு, கோயில்ல வச்சு எடுத்தேன். எல்லாத்தயும் மறுபடி எடுக்கலாம் தங்கச்சி. தாலிய எப்படி மறுபடி கட்டச் சொல்ல?”

அதிலிருந்து அவருக்கு ஒரு கணக்கு. ஒரு வேலை ஒரு இடத்தில் மட்டும் இருந்தால், அது இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று இடத்தில் இருந்தால்தான் இருக்கிறது. அதிலும் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். “வீடே எரிஞ்சாலும் வேலை நிக்கணும்.”

இன்று தொட்டது: ஓட்டையில் சந்தனம் எடுத்தேன். ஜெபமணி அண்ணாச்சி சொன்ன பட்டனை அமுக்கினேன். நகல் ஓடுகிறது.

செப்டம்பர் 18, புதன்

இன்னும் ஓடுகிறது. திரையில் ஒரு பச்சைக் கோடு. எறும்பு கூட அதைவிட வேகமாகப் போகும். கெட்ட இடம் வந்தால் நின்றுவிடுகிறது. மறுபடி நகர்கிறது.

கரண்ட் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஜெபமணி அண்ணாச்சி அவர் வீட்டு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். பிளக்குக்கு மேலே, ‘பிடுங்காதே’ என்று எழுதி ஒட்டினேன். யார் பிடுங்கப் போகிறார்கள்? நான் மட்டும்தான் இருக்கிறேன்.

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பச்சைக் கோட்டைப் பார்க்க வந்தேன். பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரமும் கருகிவிட்டது.

அனுசுயா போன் செய்தாள். மதுரையில் நர்சிங் படிக்கிறாள். “தூங்குனியாம்மா?” என்றாள். தூங்கினேன் என்றேன். “சித்தப்பா பேசுனாரும்மா. வருஷம் திரும்புறதுக்குள்ள எனக்கு நல்லது பண்ணிரணுமாம். இல்லன்னா தள்ளிப் போயிருமாம். நீ என்ன சொல்லுத?” என்றாள்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி

நகல் முடிந்துவிட்டது. கெட்ட டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றி, பீரோவில் அவருடைய வேட்டிகளுக்கு நடுவே வைத்தேன்.

நகலில் தேடுகிற புரோகிராம் ஒன்றை ஜெபமணி அண்ணாச்சி ஓடவிட்டார். படம் படமாக வெளியே வந்தது. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். அதெல்லாம் போய்விட்டது. எல்லாம் வெறும் நம்பர். திருவிழாவில் தொலைந்த பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

வேலை வைத்திருந்த கோப்பு, அதுதான் எதை எங்கே வெட்டி எங்கே ஒட்டினார் என்கிற கணக்கு, அது திறக்கவே இல்லை. சேதமாகிவிட்டது என்கிறது.

“படம் இருக்கு, வேலை இல்ல. துணி இருக்கு, தச்ச சட்ட இல்லன்னு வச்சுக்கிடுங்க” என்றார். “மொதல்ல நம்பருக்கெல்லாம் பேரு வைங்க. கல்யாணத்துல எது முந்தி எது பிந்தின்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

அது எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 26, வியாழன்

நாலு நாளாக இதே வேலை. ஒவ்வொன்றையும் பார்த்து, பெயர் அடித்து வைக்கிறேன். பந்தக்கால், மாப்பிள்ளை அழைப்பு, பரிசம், மணவறை, பந்தி. தமிழில் அடிக்க அனுசுயா போனிலேயே சொல்லிக் கொடுத்தாள்.

கல்யாண வீட்டில் நல்லா உடுத்தினவர்களைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் என்னென்னவோ எடுத்திருக்கிறார். செருப்புக் குவியல். இலையில் ஊற்றின பாயசம் ஓடாமல் கையால் அணை கட்டுகிற ஒரு கிழவர். தூங்குகிற தவில்காரர்.

இத்தனை படத்திலும் அவர் இல்லை. எடுக்கிறவர் எப்படி இருப்பார்? ஒன்றில் மட்டும் அவருடைய நிழல், பந்தல் தூணில் விழுந்திருந்தது. கேமராவைத் தோளில் வைத்தால் அவருக்கு ஒரு பக்கம் தோள் ஏறி இருக்கும். அதைப் பார்த்தேன். பெயர் வைத்தேன். ‘தூண்’ என்று.

சாயங்காலம் ஒன்று வந்தது. சாமான் அறை வாசல். சண்முகத்தாய் அக்கா தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கேமராவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் குரல்.

“முன்னால வாங்கம்மா.”

“நான் வேணாம் தம்பி. பொண்ண எடுங்க.”

“பொண்ண எடுத்தாச்சு. இப்ப ஒங்களத்தான் எடுக்கேன்.”

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். ஆனால் சிரிக்கிறார்.

இன்று தொட்டது: அதை ஒரு தடவை பார்த்தேன். பிறகும் பார்த்தேன். எத்தனை தடவை என்று எழுதவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

மாப்பிள்ளையின் அக்கா தங்கபுஷ்பம் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். தம்பி மஸ்கட் போகிறான், ஆயுத பூஜை கழிந்து மூன்றாம் நாள் பிளைட். வீடியோவைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

“கஷ்டம்தான்க்கா. ஒங்க வீட்டு நெலமை தெரியுது. ஆனா எங்க வீட்லயும் ஒரே தம்பி.”

வரும் என்றேன்.

போகிறபோது நின்றாள். “இன்னொண்ணு. மாரிச்செல்வி அம்மா எதுலயும் வரக்கூடாது. முகூர்த்தத்துல சுத்தமா வரக்கூடாது. நாங்க மனசுல வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லலக்கா. சம்பிரதாயம். முதமுதல்ல பாக்குத வீடியோ.”

அவள் என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“அண்ணன்ட்ட அன்னைக்குச் சாயங்காலம் கூட போன்ல சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் பேசிட்டேன். பதிலே சொல்லல. டீ குடிச்சிட்டு வந்து பேசுதேம்மான்னாரு.”

அவள் போன பிறகு நல்ல தண்ணீர் வந்தது. பிடித்தேன். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடாமல் நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டில் சத்தம் போட்டார்கள்.

அக்டோபர் 3, வியாழன்

கிடைத்துவிட்டது!

ஜெபமணி அண்ணாச்சி சும்மா இருக்காமல் கம்ப்யூட்டருக்குள் இருந்த சின்ன டிஸ்கைக் குடைந்துகொண்டிருந்தார். அது கெடாத டிஸ்க். திடீரென்று தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

“சூதானமான ஆளு தங்கச்சி கனிராஜு! என்னயப் பாத்துச் சிரிச்சவரு, சத்தமில்லாம பாடம் படிச்சிருக்காரு.”

வெட்டி ஒட்டுகிற புரோகிராம், வேலை நடக்க நடக்கத் தானாகவே ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டே போகுமாம். அந்தக் காப்பிகளும் வேலை இருக்கிற டிஸ்கிலேயே விழுவதுதான் வழக்கமாம். அவர் அதை மாற்றி இந்தச் சின்ன டிஸ்கில் விழும்படி வைத்திருக்கிறார். வரிசையாக இருந்தன. கடைசிக் காப்பி, அவர் டீ குடிக்க எழுந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்.

திறந்தது. முழுக்கச் சிவப்பாக வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. “பயப்படாதீக. படத்தத் தேடுது. பழைய பேரச் சொல்லிக் கேக்குது, நாம புதுப் பேரு வச்சிட்டோம்லா. இந்தா இதுதான்னு ஒவ்வொண்ணாக் காட்டணும்” என்றார்.

காட்டினோம். ஒவ்வொரு சிவப்பும் படமானது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஒரே ஒரு இடத்தில் ஓட்டை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறான், கெட்டி மேளம் என்று ஐயர் கையை ஆட்டுகிறார், உடனே திரை கறுப்பாகிவிடுகிறது. மேளம் மட்டும் கேட்கிறது. பிறகு தாலி ஏறுகிறது.

“படம் தொலைஞ்சு போச்சா?” என்று கேட்டேன்.

“தொலையல. அவரே வெட்டி எடுத்துருக்காரு. எடுத்துட்டு, எடத்த மூடாம அப்படியே விட்டுருக்காரு.”

அதற்கு முந்தின காப்பியைத் திறந்தோம். அந்த இடத்தில் சண்முகத்தாய் அக்கா இருந்தார். அதற்கும் முந்தினதில் இல்லை. அதற்கும் முந்தினதில் இருந்தார். அந்த ஒரு சாயங்காலத்தில் வைத்து, எடுத்து, வைத்து, எடுத்திருக்கிறார். நான் அப்போது அடுப்படியில் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன இப்படி ஆடுகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தோம். இரண்டு கேமரா. ஒன்று ஸ்டாண்டில், மேடைக்கு நேராக. அதில்தான் தாலி விழுந்திருக்கிறது. இன்னொன்று அவர் தோளில். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறவரைக்கும் தோள் கேமராவும் மேடையைத்தான் பார்க்கிறது. மேளம் கொட்டியதும் சட்டென்று திரும்பிவிடுகிறது. தலைகள், தலைகள், அப்புறம் சாமான் அறை வாசல். அக்கா கால்விரலில் நின்று எட்டிப் பார்க்கிறார். தெரியவில்லை. கையில் பொத்தி வைத்திருந்த மஞ்சள் அரிசியை மேடைப்பக்கம் எறிகிறார். அது மேடைக்குப் போகவில்லை. முன்னால் நின்ற ஒருத்தர் முதுகில் பட்டு, அக்கா காலடியிலேயே விழுகிறது. குனிந்து பார்க்கிறார்.

ஜெபமணி அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “இருவத்தஞ்சு வருசமா கேமரா பிடிக்கேன். தாலி கட்டுத நேரத்துல மேடைய விட்டுத் திருப்புன ஒருத்தன நான் பாத்ததில்ல. கிறுக்கன்.”

எங்கள் கல்யாணத்தில் என் மாமியார் தாலி கட்டும்போது எங்கே நின்றார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களும் புருஷனை இழந்தவர்கள்தான். பந்தியில் கூட்டு பரிமாறியது ஞாபகம் இருக்கிறது. மேடையில் ஞாபகம் இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்திலும் இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

எதையும் தொடவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

கொழுந்தனார் வந்தார். அனுசுயாவுக்கு எட்டயபுரத்தில் ஒரு இடம் இருக்கிறதாம். “எல்லாத்தயும் நானும் ஒங்க தங்கச்சியும் முன்னால நின்னு செஞ்சிருவோம் மதினி. நீங்க ஒண்ணுக்கும் அலைய வேண்டாம்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். சாப்பாடு போட்டேன். இரண்டாம் தடவை ரசம் ஊற்றும்போது இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

சண்முகத்தாய் அக்காவை வரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கடைசிக்கு முந்தின காப்பியை, அக்கா இருக்கிற காப்பியை, ஓடவிட்டேன்.

மாரிச்செல்வி மணவறைக்கு வந்தாள். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். மேளம். அக்கா வாசலில் நிற்கிறது வந்தது. அரிசி எறிந்தது. உடனே தாலி ஏறியது. அவர் வெட்டி ஒட்டியிருந்த விதத்தில், காலடியில் விழுந்த அரிசியைக் காணோம். அக்கா எறிந்த அரிசி நேராகப் போய் மாரிச்செல்வி தலையில் விழுகிற மாதிரி இருந்தது.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“விழுந்துச்சா? அவ தலையில விழுந்துச்சா?”

நான் ஆமாம் என்றேன். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். திரும்பவும் போடச் சொன்னார்.

மூன்றாம் தடவை முடிந்ததும், “இது அங்க போக வேண்டாம் தாயி” என்றார்.

“ஏங்கா?”

“நாளைக்கு அவளுக்கு ஒரு தலவலின்னாக்கூட இதச் சொல்லிக் காட்டுவாக. ஒங்கம்மா மூஞ்சி வந்துச்சு, அதான்னு. எம்மக அங்க வாழணும். நான் பாத்துட்டேன், எனக்கு அது போதும். என்னய எடுத்துருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. “அவுக உசிரு இருக்குமட்டும் ஒங்கள எடுக்க மனசில்லாம இருந்தாகக்கா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

“அவரு நல்ல மனுஷன்” என்றார் அக்கா. “ஆனா மாமியா வீட்ல இருக்கது எம்மக.”

நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை.

காலையில் ஸ்டூடியோவைக் கழுவினேன். கேமரா, ஸ்டாண்டு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்தேன். சந்தனம் கரைத்தேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க ஏன், எம்மருமகள வரச் சொல்லவா?” என்றார்கள். வேண்டாம் என்றேன்.

நானே வைத்தேன். ஓட்டை பக்கம் போகாமல், மேலே, நடுவில். குங்குமமும் வைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று ஜெபமணி அண்ணாச்சி வந்து முடித்துக் கொடுத்தார். அந்தக் கறுப்பு இடத்தில் நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை வைத்து நிரப்பினோம். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவருக்கும் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

“அத அழிச்சிரட்டுமா தங்கச்சி?” என்றார், அக்கா இருக்கிற காப்பியைக் காட்டி.

“மூணு எடத்துல வைக்கணும்னு நீங்கதான சொன்னீக?”

என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நகல் போட்டார். ஒன்று எங்கள் டிஸ்கில். ஒன்று அவர் ஸ்டூடியோ பூட்டு அலமாரியில். மூன்றாவதைப் பென் டிரைவில் போட்டு, நானே நடந்துபோய் சண்முகத்தாய் அக்காவிடம் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டார். சேலைப் பெட்டிக்குள் வைத்தார்.

நாதஸ்வரக் காப்பியை இன்று தங்கபுஷ்பம் வந்து வாங்கிக்கொண்டு போனாள். இங்கேயே முகூர்த்தத்தை ஓடவிட்டுப் பார்த்துச் சரிபார்த்தாள். “ரொம்ப அழகா வந்துருக்குக்கா” என்றாள். போகும்போது என் கையைப் பிடித்தாள். அன்றைக்குப் போனில் பேசியதைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். பஸ் வந்துவிடும் என்று போய்விட்டாள்.

அக்டோபர் 16, புதன்

மாரிச்செல்வி போன் செய்தாள். மாப்பிள்ளை மஸ்கட் போய்விட்டான். அவள் மாமியார் வீட்டு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன் என்றாள். துணி படபடக்கிற சத்தம் கேட்டது.

“வீடியோ பாத்தேன்க்கா. நாலு தடவ பாத்துட்டேன். எங்கம்மா ஒரு எடத்துலகூட இல்ல. கனி மாமா எடுத்தாகளே, நான் பாத்தேனே. டிஸ்க்கு கெட்டதுல அதெல்லாம் தொலஞ்சு போச்சாக்கா?”

“தொலையல” என்றேன். “மூணு எடத்துல இருக்காக.”

எங்கெங்கே என்று சொன்னேன். அரிசி எறிந்ததைச் சொன்னேன். துணி படபடக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு வேணும்க்கா” என்றாள். “இங்க யாருக்கும் காட்டமாட்டேன். இப்ப காட்டமாட்டேன். எனக்கு ஒரு மக பெறந்து, அவளுக்கு ஒரு கல்யாணம் வரும்லா, அன்னைக்குப் போடுவேன்.”

அனுசுயாவிடம் இதைச் சொன்னேன். ஜெபமணி அண்ணாச்சி கெட்ட டிஸ்கைத் திறந்ததிலிருந்து நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, “எனக்குக் கல்யாணம் நடந்தா நீ எங்கம்மா நிப்ப?” என்று கேட்டாள்.

“கேமராக்காரன் எங்க நிப்பானோ, அங்க” என்றேன்.

இன்று தொட்டது: நாலாவது காப்பி போட்டேன், நானாகவே, யாரும் சொல்லிக்கொடுக்காமல். பெயர் வைத்தேன். பழைய டிஸ்கை வேட்டிகளுக்கு நடுவிலிருந்து எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றினேன். நாற்காலியில் கிடந்த துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நல்ல வெயில். காய்ந்திருக்கும்.